கிணற்றுக்குக் கீழே நூற்றுப் பதினெட்டு அறைகள்

பட்டியலை மூட எழுபத்தொரு மணி நேரம் இருந்தது.

‘நெய்தல்’ கப்பலில் ஆறு பேர் செவ்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் தரையில் இறங்குவார்கள். இரண்டு பேர் மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். பட்டியலில் முதல் மூன்று பெயர்களைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. நான்காவது பெயருக்கு எதிரில் டாக்டர் பரிமளம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஜெபக்கனி, வயது நாற்பத்தெட்டு, கப்பலின் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பொறியாளர். செவ்வாயில் முதல் குழாயைப் பதிக்க வேண்டியவர். அதற்காகவே பதினோரு வருடம் பயிற்சி எடுத்தவர்.

அந்தக் கேள்விக்குறி யாரால் வந்தது என்பது கட்டுப்பாட்டு அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டிய மேசையில், டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சுடரொளிக்கு இருபத்து நான்கு வயது. இயற்பியல் படித்தவள். குறைச்சீட்டுகளுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. கப்பலில் ஒரு திருகு கழன்றாலும், ஒரு விசிறி முனகினாலும் அங்கிருந்து சீட்டு வரும். முந்நூறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இவள் அறுபது சொல்லுக்குள் பதில் அனுப்பிச் சீட்டை மூட வேண்டும். யாருடனும் பேச வேண்டாம் என்பதாலேயே இந்த வேலையை அவள் கேட்டு வாங்கினாள்.

எல்லாம் பயணத்தின் பன்னிரண்டாம் நாள் தொடங்கியது. ஜெபக்கனியிடமிருந்து இப்படி ஒரு சீட்டு வந்தது:

“குறை: என் சொந்தப் பொருள்களில் உள்ள பழைய கணினி விளையாட்டு. படம் கிடையாது, எழுத்து மட்டும். கட்டளை அடித்தால் பதில் வரும். கிணற்றில் இறங்கியதும் நின்றுவிட்டது. என்ன அடித்தாலும் ‘இறங்கிக்கொண்டிருக்கிறாய்’ என்றே வருகிறது. சரிசெய்யவும்.”

இதற்கு ஒரு பதில் தயாராகவே இருந்தது. ‘சொந்தப் பொருள்களுக்குத் தரை நிலையம் பொறுப்பல்ல. சீட்டு மூடப்பட்டது.’ அதுதான் நியாயமும்கூட. கப்பலில் போகிறவர்களின் சொந்தப் பொருள்களை இங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை, பிரதி எடுத்து வைப்பதுமில்லை. அந்த விளையாட்டில் கிணற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பூமியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

சுடரொளி அந்த வரியை அடித்தாள். அனுப்ப விரல் போகவில்லை. ஒரு பெண்ணைக் கிணற்றின் நடுவில் தொங்கவிட்டு, ‘மூடப்பட்டது’ என்று எப்படி எழுதுவது?

பக்கத்து மேசை ஹபீப், ஆன்டெனாவைத் திருப்புகிறவன். காயல்பட்டினத்துக்காரன். அவனிடம் கேட்டாள்.

“எழுத்து மட்டும் உள்ள விளையாட்டுன்னா எப்படி ஆடுறது?”

“நீ ஆடினதே இல்லயா? என்ன படிச்சே நீ?” ஹபீப் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். “ரொம்பச் சுளுவு. ‘நீ ஒரு அறையில் நிற்கிறாய். மேற்கே கதவு. மேசையில் விளக்கு’ன்னு வரும். நீ ‘விளக்கை எடு’ன்னு அடிப்பே. ‘எடுத்தாயிற்று’ன்னு சொல்லும். ‘மேற்கே போ’ன்னு அடிப்பே. அடுத்த அறை வரும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானாவா? காலேஜ்ல ஒரு செமஸ்டரே அதுல போச்சு. கேளு. புது அறைக்குள்ள போனா மொதல்ல ‘பார்’. ஏதாச்சும் பொருள் பேரு வந்தா அதை ‘ஆராய்’. கிடைச்சதையெல்லாம் எடுத்துக்க, எதுக்குன்னு யோசிக்காத. காகிதத்துல படம் போட்டுக்கிட்டே போ. எல்லா அறையும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா ஒவ்வொண்ணுலயும் ஒரு சாமானைப் போட்டுட்டுப் போ. அப்பதான் சுத்திச் சுத்தி அங்கயே வரோமான்னு தெரியும். சாவுற மாதிரி இருந்தா முன்னாடியே ‘சேமி’.”

“நாம சொல்றது அதுக்குப் புரியுமா?”

“ரெண்டு சொல்லுல சொன்னா புரியும். ‘கதவைத் திற’ன்னா திறக்கும். ‘எனக்கு இந்த இடம் பிடிக்கலை, ஊருக்குப் போகணும்’னு மனசத் தொறந்து பேசினா ‘புரியவில்லை’ன்னு சொல்லிடும். எங்க மாமியார் மாதிரி.”

சுடரொளி அடித்து வைத்ததை அழித்தாள். புதிதாக எழுதினாள்.

“கயிற்றின் நுனி தரையைத் தொடுகிறது. நீ ஒரு வட்டமான அறையில் நிற்கிறாய். சுவரெல்லாம் ஈரம். வடக்கேயும் கிழக்கேயும் வழி உண்டு. மூலையில் ஒரு பித்தளைச் செம்பு கிடக்கிறது. சீட்டு திறந்திருக்கிறது.”

ஒரு ஆறுதலுக்காக எழுதியது, அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் சீட்டு வந்தது: “குறை: செம்பை எடு. கிழக்கே போ. பார்.”

அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கிராஃப் தாளை எடுத்தாள்.

இருநூற்றுப் பதினோராம் நாளில் சீட்டுகள் இருநூற்று நாற்பத்து மூன்று ஆகியிருந்தன. அறைகள் நூற்றுப் பதினெட்டு. உப்புப் படிந்த ஒரு மண்டபம், தலைகீழாக மரம் முளைத்த ஒரு தோட்டம், படிகளை எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகிற ஒரு மாடிப்படி. கப்பல் தூரம் போகப்போக, ஒரு கட்டளை போய்ப் பதில் வருவதற்கு ஆகும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. ஜெபக்கனி அதற்கும் பழகிக்கொண்டார். நான்கு கட்டளைகளைச் சேர்த்து ஒரே சீட்டில் அனுப்பினார். ‘வடக்கே போ. கதவைத் திற. பூட்டியிருந்தால் செம்புத் தண்ணீரைப் பூட்டில் ஊற்று. பிறகு தெற்கே போ.’ மூன்றாவது கட்டளையில் தரை நழுவினால் நான்காவது என்ன ஆகும் என்று சுடரொளி யோசித்து எழுத வேண்டியிருந்தது. பஸ்ஸிலும் யோசித்தாள், குளிக்கும்போதும் யோசித்தாள்.

முதல் தொண்ணூறு நாள் அந்த அறைகளில் ஆட்களே இல்லை. பிறகு ஒரு சீட்டு வந்தது: “குறை: இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மனுஷரையும் காணோம். கூப்பிட்டுப் பார்.”

அதற்குப் பதில் எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு டீக்காரரை உட்கார வைத்தாள். நன்றாகப் பேசுவார். கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொல்வார். சொல்லும் வழி எல்லாம் தப்பாக இருக்கும்.

“குறை: டீக்காரர் புளுகுகிறார். டீ அருமை. இன்னொன்று கேள்.”

ஹபீப் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். “இந்த டீக்காரன் யாரு?”

“யாரோ.”

“நேத்து நான் உனக்கு ஸ்டோர் ரூமுக்கு வழி சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“நீ போய்ச் சேந்தது ஜெனரேட்டர் ரூமு.”

சுடரொளி சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ஹபீபின் கூட்டத்தோடு கேன்டீனுக்குப் போக ஆரம்பித்தாள். கிணற்றுக்குக் கீழேயும் ஆட்கள் பெருகினார்கள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் முன்பு உட்கார்ந்து அந்த விளையாட்டை முழுதாக எழுதியிருக்கிறார். கிணற்றுக்குக் கீழே உண்மையான அறைகள் இருக்கின்றன. அவை இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும். ஒருநாள் ஜெபக்கனி திரும்பி வந்து, கெட்டுப்போனதைச் சரிசெய்து, அந்த அறைகளைப் பார்ப்பார். அப்போது தன்னுடையதெல்லாம் கிழிந்த இடத்தில் வைத்த ஒட்டுத்துணி என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் தனிமை விதி. கப்பலுக்கும் பூமிக்கும் வாரம் ஒரு கடிதம், அவ்வளவுதான். மற்றபடி வேலைச் செய்திகள் மட்டும். அரட்டை கூடாது. முந்தைய பயணத்தில் அரட்டைக்கு அனுமதி இருந்தது. ஒருவர் தன் மகளின் பதிலுக்காகத் திரைக்கு முன்னால் பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்க வேண்டிய வால்வு உறைந்துபோய், அதைத் திறக்கப் போன இன்னொருவருக்கு இரண்டு விரல்கள் போயின. அந்தப் பயணத்துக்கும் மருத்துவர் பரிமளம்தான். விதியை எழுதியவரும் அவரே.

இப்போது உடல்நலப் பிரிவின் கணினி ஒரு வரி அனுப்பியிருந்தது. ‘ஜெபக்கனி. ஒரே பொருளின் மீது 243 குறைகள். மனநிலையைக் கவனிக்கவும்.’

“பேசாம எல்லாச் சீட்டையும் ‘தீர்ந்தது’ன்னு மூடிடு,” என்றான் ஹபீப், குரலைத் தாழ்த்தி. “பழைய விளையாட்டு, ஏதோ கோளாறுன்னு போயிடும்.”

“போகாது. இருநூத்து நாப்பத்து மூணு தடவை ஒரே குறையை எழுதின பைத்தியம்னு அவங்களை மேலேயே நிறுத்திடுவாங்க.”

“சொன்னா உன் வேலை போயிடும்.”

“தெரியும்.”

“சொன்னாலும் அவங்களை நிறுத்தலாம். விதியை அவங்களும்தானே மீறியிருக்காங்க.”

சுடரொளி டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். அதுதான் அவளுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம். சொல்லாவிட்டால் ஜெபக்கனி இறங்க முடியாது. சொன்னாலும் இறங்க முடியாமல் போகலாம்.

அவள் நடந்ததையெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, கிராஃப் தாள்களையும் எடுத்துக்கொண்டு பரிமளத்தின் அறைக்குப் போனாள். பரிமளம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தலை முழுவதும் நரைத்தவர். நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை.

“எழுதிக் குடுக்காதீங்க கண்ணு. வாயில சொல்லுங்க.”

“மேடம், அந்தச் சீட்டெல்லாம்…” நீட்டிய தாளை மடித்தாள். “அதெல்லாம் குறை இல்லைங்க. ஆட்டம். அவங்க கட்டளை அனுப்புவாங்க. நான் பதில் எழுதுவேன். ஆட்டம் அங்கே கெட்டுப்போச்சு. அதனால நானே அறைகளை எழுதினேன்.”

பரிமளம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எத்தனை நாளா?”

“நூத்துத் தொண்ணூத்தொன்பது நாளா.”

“விதி தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“விரல் போன கதை?”

“அதுவும் தெரியும்.” சுடரொளி கடைசித் தாளை எடுத்து முன்னால் வைத்தாள். வாயால் சொல்ல முடியாததற்காக வரைந்து வைத்திருந்த தாள். “இதை மட்டும் பாருங்க. இது என் பதில் கப்பலுக்குப் போய்ச்சேர்ந்த நேரம். இது அவங்க அதைத் திறந்து படிச்ச நேரம். ரெண்டுக்கும் நடுவிலே பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். வேலையெல்லாம் முடிச்சுட்டு, படுக்கப் போகும்போதுதான் திறப்பாங்க. நூத்து அறுபத்தாறாம் நாள் வடிகட்டி ஒழுகிச்சு. அப்போ நாலு நாள் திறக்கவே இல்லை. ஒரு தடவைகூட அவங்க காத்திருக்கலை மேடம்.”

பரிமளம் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“அவங்க காத்திருக்கலை. சரி. நீங்க?”

“நானா?”

“ஆமா. அந்த நாலு நாளும் நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?”

சுடரொளி தரையைப் பார்த்தாள். “காத்திருந்தேன்.”

பரிமளம் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார். “விதி எழுதும்போது நான் கப்பலைப் பத்தித்தான் யோசிச்சேன்,” என்றார். “இங்கே இருக்கிறவங்களைப் பத்தி எனக்குத் தோணவே இல்லை, பாருங்க.” பிறகு குரல் மாறியது. “இருந்தாலும் எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். தரையில இறங்கினா நாப்பது நாளைக்குச் சீட்டு கிடையாது. அங்கே அவங்க கை தப்பினா மத்த மூணு பேருக்கும் தண்ணி இல்லை. அவங்களையே கேட்டுடறேன். நீங்களும் இருங்க.”

“என் வேலை?”

“அதை அப்புறம் பேசலாம். உக்காருங்க. சாப்பிட்டீங்களா?”

“இல்லைங்க.”

“எடுத்துட்டு வாங்க. பதில் வர அரை மணி ஆகும்.”

பரிமளம் கேள்வியைக் குரலில் பதிவு செய்தார். சுடரொளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதையும், அவள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஹபீப் ஆன்டெனாவைத் திருப்பி, பதிவை அனுப்பினான். பிறகு அவனும் ஏதோ கேபிளைச் சரிபார்ப்பதுபோல வந்து கதவருகே நின்றுகொண்டான்.

போகப் பதின்மூன்று நிமிடம், வர பதின்மூன்று நிமிடம். சுடரொளி டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு. பரிமளம் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துக்கொண்டார். பத்தாவது நிமிடத்திலிருந்து அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. அதை அவரே கவனித்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் கழித்துத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் படத்துல இது என்னங்க, தலைகீழா மரம்?”

“தோட்டம் மேடம். மேலே பறிக்கணும்னா கீழே குனியணும்.”

“யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

“தெரியலைங்க. கேட்டாங்க, எழுதினேன்.”

முப்பத்தோராவது நிமிடத்தில் பதில் வந்தது. பரிமளம் ஒலியைக் கூட்டினார். இருநூறு நாளாகச் சீட்டுகளில் மட்டும் அறிந்திருந்தவருடைய குரலைச் சுடரொளி முதல்முறையாகக் கேட்டாள். தடித்த குரல். தூத்துக்குடிப் பேச்சு. பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“டாக்டரம்மா, ஜெபக்கனி பேசுதேன். பம்பு ஓடிக்கிட்டிருக்கு, சத்தத்த மன்னிச்சுக்கிடுங்க. எறங்கினா நாப்பது நாளு சீட்டு கெடையாது, தாங்குவியான்னு கேக்கிய. நல்ல கேள்வி. போன வியாழக்கெழமையே நான் ‘சேமி’ன்னு அனுப்பிட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க.”

பரிமளம் சுடரொளியைப் பார்த்தார். சுடரொளி தலையாட்டினாள்.

“அந்த ரூமுகளுக்கு நான் போட்ட படத்தையும் மடிச்சு ஓரமா வச்சாச்சு. எறங்குத நேரத்துல மண்டையில வேற ஒண்ணும் இருக்கப்பிடாதுன்னுதான். அங்க எனக்குக் கெடக்க வேலைய நெனச்சா எச்சி ஊறுது டாக்டரம்மா. மண்ணத் தோண்டணும், ஐஸக் கண்டுபிடிக்கணும், குழாய எறக்கணும். நாப்பது நாள் பத்தாது. விதிய மீறினது தப்புதான். கரைக்கு வந்தப்புறம் ஏசுங்க, வாங்கிக்கிடுதேன். அந்தப் பிள்ளைய ஏசாதிய.”

பரிமளம் சிரித்துக்கொண்டே ரப்பரை எடுத்தார். நான்காவது பெயருக்கு எதிரிலிருந்த கேள்விக்குறியை அழித்து, பேனாவால் அழுத்தி ஒரு டிக் போட்டார். கதவருகில் ஹபீப் கேபிளைக் கீழே போட்டான். சுடரொளிக்கு அப்போதுதான் பசித்தது.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றது. குரல் பக்கத்தில் வந்தது.

“இன்னொரு சங்கதி இருக்கு. இது அந்தப் பிள்ளைக்கி. ஏட்டி, கேக்கியா? பூமியவிட்டுக் கெளம்பி நாப்பதாவது நாளு, தொட்டியில தண்ணி ஏறட்டும்னு சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். கை சும்மா கெடக்கேன்னு பழைய கேமத் தெறந்தேன். அதே கெணறு, அதே ‘இறங்கிக்கொண்டிருக்கிறாய்’. எரிச்சல்ல ‘பொறு’ன்னு அடிச்சேன். அத மட்டும் நான் அதுவரைக்கும் அடிச்சதில்ல. எம்புத்தி அப்பிடி. மூணு தடவ அடிச்சேன். தரை வந்துட்டு.”

சுடரொளியின் கை சோற்றுக்கு மேலே நின்றது.

“கேம் கெடவே இல்லட்டி. கீழ ஒரே ஒரு ரூமு. ஒரு பெட்டி. தெறந்தா ‘வாழ்த்துகள், ஆட்டம் முடிந்தது’ன்னு ஒத்த வரி. வடக்கயும் வழி கெடையாது, கெழக்கயும் கெடையாது. யார்கிட்டயும் நான் மூச்சு விடல. சொன்னா நீ நிப்பாட்டிருவேல்லா? கெணத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல மக்கா, எல்லாம் நீ கட்டினதுதான்.”